தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர்

செடியைக் கொல்ல வேண்டுமென்றால் அதன்மேல் பாசம் வைத்தால் போதும். செம்மேட்டுக்கு வந்த நாளிலிருந்து இதை நான் எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நாயகிக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். இல்லாவிட்டால் செவ்வாயில் ஒரு தக்காளி காய்த்திருக்காது.

செம்மேடு, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியேயுமாக அறுபத்தொரு பேர் வாழ்கிற ஊர். செடி வீட்டுக்கு நான் பொறுப்பு. கீரையும் உருளையும் ஊர்ச்சொத்து. ஒரே ஒரு தொட்டியில் இருக்கும் கண்வலிக்கிழங்குக் கொடி, அதாவது செங்காந்தள், மட்டும் என் சொந்தச் சொத்து. மூலனூர்ப் பக்கம் எங்கள் காட்டில் அதுதான் வெள்ளாமை. கம்பி கட்டிக் கொடி ஏற்றுவோம். காலையில் வெயில் ஏறுவதற்குள் பூவுக்குப் பூ போய் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைப்போம். விதை மருந்துக்குப் போகும். கிழங்கு சுத்த விஷம், தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்க முடியாது. அதனால் கப்பலில் கிழங்கு ஏற்ற விடவில்லை. பன்னிரண்டு விதை மட்டும் கொண்டுபோகலாம் என்றார்கள்.

விதையிலிருந்து அதை வளர்ப்பது பொறுமை உள்ளவர்கள் செய்கிற வேலை. எனக்கு அது கிடையாது, இருந்தும் செய்தேன். பதினொன்று மண்ணிலேயே மக்கிப்போனது. எட்டு மாதம் கழித்து ஒன்று மட்டும் மூக்கை நீட்டியது. முதல் வருஷம் புல் மாதிரி இரண்டு இலை, அவ்வளவுதான். குளிர்காலம் வந்ததும் அதுவும் காய்ந்தது. அடியில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கிழங்கு தூங்கியது. அடுத்த வருஷம் முழ உயரம். மூன்றாம் வருஷம் இலை நுனியைச் சுருட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரை வரைக்கும் போய்ப் பதினேழு பூ பூத்தது. ஊரே வந்து பார்த்தது. மகரந்தம் தொட்டு வைத்தது என் வீட்டுக்காரர் சென்னியப்பன். வெல்டிங் பிடிக்கிற விரல்கள், ஆனாலும் ஒரு பூ உதிரவில்லை.

எங்கள் குளிர்காலம் ஆறு மாதம். வெயில் மங்கிவிடும், புழுதி வேறு. அந்த வெயிலில் கிடைக்கிற மின்சாரத்தில் நாற்பத்தொரு பேர்தான் பிழைக்க முடியும். மீதி இருபது பேர் தூங்க வேண்டும். சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுப்பார்கள். இந்த நாலாம் குளிர்காலத்தில் சென்னியப்பன் பெயர் வந்தது. அடுத்த வீட்டுப் பேச்சியக்காவின் மகள் சுகந்தி பெயரும் வந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்.

தூங்கப் போகிறவர்களின் வீட்டாரைக் கூட்டி வைத்து விளக்கம் சொல்ல டாக்டர் ஸ்டெல்லா என் தொட்டியைத்தான் கேட்டு வாங்கினாள். தூங்குகிற பெட்டிகள் இருக்கும் துயில் கூடத்து வாசலில் வைத்தாள். கொடி காய்ந்து சருகாகி, தொட்டியில் வெறும் மண் மட்டும் இருந்தது.

"இது செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்று நான்தான் கத்தினேன்.

"இலை இல்ல, தண்டு இல்ல, பாத்தா ஒண்ணும் தெரியல. ஆனா உள்ள கிழங்கு இருக்கு. நம்ம ஆளுங்களும் அப்படித்தான். உடம்பு ஆறு டிகிரிக்குப் போயிரும். இதயம் நிமிஷத்துக்கு ஒரு தடவை துடிக்கும். உடம்புல இருக்கிற கொழுப்பு ஆறு மாசத்துக்குக் காணும்" என்றாள் ஸ்டெல்லா.

"நடுவுல எழுப்ப வேண்டி வந்தா?" என்று பேச்சியக்கா கேட்டாள்.

"எழுப்பக் கூடாதுக்கா. முதல் குளிர்காலத்துல மூணு பேரை நடுவுல எழுப்பினோம். ஒருத்தர்கூட எந்திரிக்கல. சூடு படக் கூடாது. அவ்வளவுதான் நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது."

அன்றைக்கே நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "தொட்டிக்கும் அதேதானுங்க. தூங்கற கிழங்குக்குத் தண்ணி காட்டுனா அழுகிப்போயிரும். யாரும் கை வெக்கப் படாது."

தூங்கப் போகிறவர் ஒவ்வொருவரும் இரண்டு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏதாவது ஆனால் பெட்டியைத் திறப்பதா, அணைப்பதா என்று முடிவு செய்கிற உரிமை முதல் பெயருக்கு. அவரால் முடியாவிட்டால் இரண்டாம் பெயருக்கு. சென்னியப்பன் முதலில் என் பெயரையும் அடுத்துப் பேச்சியக்கா பெயரையும் எழுதினார். பெட்டியில் படுத்ததும், "காலு இப்பவே சில்லுங்குது நாயகி" என்றார். பத்தொன்பது வருஷமாக என் கெண்டைக்கால்மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்ட கால். "ஆறு மாசம் பொறுத்துக்குங்க மாமா" என்றேன். மூடியைப் போட்டார்கள்.

எண்பத்திரண்டாம் நாள் அவருடைய பெட்டியில் கோடு படுத்துவிட்டது.

அத்தனை நாளும் மூளையின் சமிக்ஞை என்று திரையில் சின்ன அலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மற்ற பத்தொன்பது பெட்டியிலும் ஓடியது. இவருடையதில் நேர்கோடு. விதி என்னவென்றால், பதினாலு நாள் கோடு எழும்பாவிட்டால் பெட்டியை அணைத்து அந்த மின்சாரத்தை மற்றதற்குக் கொடுத்துவிடலாம். உரிமை உள்ளவர் மறுத்தால் மட்டும் நிறுத்தி வைப்பார்கள்.

"செத்துட்டாருன்னு சொல்றீங்களா?" என்று ஸ்டெல்லாவின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

அவள் கையைத் தட்டிவிடவில்லை. "தெரியல நாயகியக்கா. இன்னும் ஆழமாப் போயிருந்தா எந்திரம் பிடிக்காது. செத்திருந்தாலும் இதே கோடுதான். திறந்து பாத்தாத்தான் தெரியும். திறந்தா உயிர் இருந்தாலும் போயிரும்."

ஆகவே காத்திருக்கத்தான் வேண்டும். நான் மறுத்தேன். மறுத்துக்கொண்டே இருப்பேன் என்றும் சொன்னேன்.

கோடு படுத்த மூன்றாம் நாள் காலை தொட்டி மண்ணில் விரல் வைத்துப் பார்த்தேன். ஈரம். ஒரு அட்டையில் 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று எழுதி மாட்டினேன். மறுநாள் ஈரம் கூடியிருந்தது. அதற்கு மறுநாள் மண் சொதசொதவென்று இருந்தது. எவனோ வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்து, காலையில் வேலை மாறுகிற நேரத்தில் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

பேச்சியக்கா வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். இடுப்பிலிருந்த புட்டியைத் திறந்து, ஒரு வாய்த் தண்ணீரை அளந்து தொட்டியில் ஊற்றினாள். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள்.

செம்மேட்டுப் பழக்கம் அது. 'வாய்த்தண்ணி' என்போம். ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர்தான். துக்க வீட்டுக்குக் கொண்டுபோக யாரிடமும் வேறு எதுவும் கிடையாது. அதனால் அவரவர் பங்கில் ஒரு வாய் எடுத்து, யாரும் பார்க்காதபோது அந்த வீட்டுக் குடத்தில் ஊற்றிவிட்டுப் போவார்கள். ஊற்றியதைச் சொல்லக் கூடாது, யார் ஊற்றியது என்று கேட்கவும் கூடாது. துயில் கூடத்து வாசலில் குடம் இல்லை. என் தொட்டி இருந்தது.

"ஏனக்கா, உங்களுக்கு அறிவுங்கறது கொஞ்சமாச்சும் இருக்குதா?" என்று பாய்ந்தேன்.

அவள் புட்டியைத் தவறவிட்டாள். "ஏ, என்னத்துக்குடி இப்படிக் கத்துத? ஒரு வாய்த் தண்ணி என்ன செஞ்சிரும்?"

"நீங்க ஒரு வாய். அப்புறம் யாரு?"

அவள் குனிந்து புட்டியை எடுத்து மூடினாள்.

"அக்கா, யாரெல்லாம் ஊத்தறாங்க?"

"எல்லாருந்தான்" என்றாள் மெதுவாக. "சென்னி தம்பிக்காக. பட்டுப்போன மாதிரி இருக்கு, பாக்கச் சகிக்கல."

நாற்பது பேர், நாற்பது வாய்த் தண்ணீர். மூன்று நாளாக. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "சகிக்கலைன்னா கண்ணை மூடிக்குங்க! உங்க பாசத்தை வெச்சு அதைக் கொல்லாதீங்க! அது பாட்டுக்குத் தூங்கிட்டிருந்துது, உங்களைக் கேட்டுச்சா தாகமா இருக்குதுன்னு?"

அவள் அழுதுகொண்டே போனாள். நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் செடி வீட்டில் உலர்ந்த காற்று வருகிற குழாய்முன் வைத்தேன். தோண்டிப் பார்க்கக் கை துடித்தது. இரண்டு கையை விரித்த மாதிரி இருக்கும் அந்தக் கிழங்கு. ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். தோண்டும்போது அது ஒடிந்தால் தீர்ந்தது கதை. பார்க்கவும் கூடாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. அந்த வாரம் நான் மனுஷியாகவே இல்லை.

பதினோராம் நாள் மத்தியானம் ஸ்டெல்லா செடி வீட்டுக்கு வந்தாள். கூடவே ஊர்க்குழுத் தலைவர் தண்டாயுதம் அண்ணன். பழனிக்காரர், இந்த ஊரின் குளிர் எந்திரங்களை எல்லாம் பொருத்தியவர். அவர் முகம் கறுத்திருந்தது.

"காரணம் தெரிஞ்சு போச்சும்மா" என்றார். "சென்னியப்பன் பெட்டியோட கால்பக்கக் குளிர்விசிறி, கோடு படுக்கறதுக்கு முந்தி இருபது நாளா மத்ததைவிட ரெண்டு மடங்கு ஓடியிருக்கு. அப்பவும் அந்தப் பக்கம் குளிரல. விசிறி பழுது."

"அதனால அவர் உடம்பு பாதி முழிச்சிருக்கும்" என்றாள் ஸ்டெல்லா. "கொழுப்பை எரிச்சிருக்கும். அப்புறம் தப்பிக்கிறதுக்காக இன்னும் ஆழமா இறங்கியிருக்கலாம். இல்லேன்னா..."

"இருபது பெட்டியும் ஒரே சமயத்துல செஞ்சது" என்றார் தண்டாயுதம். "ஒண்ணு போனா மத்ததும் போகும். அப்படி விட்டா அத்தனை பேரும் தூக்கத்திலேயே போயிருவாங்க. இன்னைக்கு மூணு மணிக்குக் குழு கூடுது. மத்தப் பத்தொம்பது பெட்டியையும் திறந்துரலாம்னு இருக்கோம். டாக்டர் இப்பப் புது முறை வெச்சிருக்காங்க. அலை ஓடறதால பாதிப் பேராவது பிழைப்பாங்க."

"பாதியா?" என்றேன்.

"பாதி கிடைச்சா புண்ணியம்" என்றாள் ஸ்டெல்லா.

அவர்கள் போன பிறகு நான் நாற்று மேடைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே சூட்டுப்பாய் சுருட்டி வைத்திருந்தது. விதை முளைக்க மண்ணுக்கடியில் விரிக்கிற பாய். சின்ன பேட்டரியில் நாள் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும், துணி கனம்தான்.

விசிறி பழுதாகவில்லை.

அறுபத்திரண்டாம் நாள் அந்தப் பாயைக் கொண்டுபோய்ப் பெட்டியின் கால்பக்கத்து அடியில் நான்தான் செருகினேன். கூடத்துக் காவல்காரர் சாப்பிடப் போகிற நேரத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, தினமும் மத்தியானம் பேட்டரியை மாற்றினேன். கால் சில்லென்று இருக்குமே என்ற ஒரே நினைப்புதான். சூடு படக் கூடாது என்று ஸ்டெல்லா சொன்னது என் காதிலும் விழுந்ததுதான். ஒன்றிரண்டு டிகிரி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். கோடு படுத்த அன்றைக்குக் கூடத்தில் கூட்டம் கூடியதும் பயத்தில் பாயை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். பேச்சியக்காவிடம் அந்தக் கத்துக் கத்தினேனே, அப்போதும் நினைக்கவில்லை.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். பெட்டியில் கை வைத்தவர்களுக்கு அந்தப் பெட்டிமேல் உரிமை கிடையாது. முதல் குளிர்காலத்துக்குப் பிறகு போட்ட விதி. நான் வாயைத் திறந்தால் மறுக்கிற உரிமை போய்விடும், சென்னியப்பனை அணைத்துவிடுவார்கள். திறக்காவிட்டால் பத்தொன்பது பெட்டியைத் திறப்பார்கள். பாதிப் பேர் எந்திரிக்க மாட்டார்கள். சுகந்தி எந்தப் பாதியில் இருப்பாள்?

மூன்று மணி வரைக்கும் நான் நல்லவளாக இருக்கவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முக்கால் நேரம் நினைத்தேன். பெற்ற பிள்ளையில்லை, உறவுமில்லை, யாரோ பத்தொன்பது பேர் என்றுகூட நினைத்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

குழு கூடியபோது கூடம் நிறைந்திருந்தது. தண்டாயுதம் அண்ணன் திறக்கிற வரிசையைப் படித்தார். முதல் பெயர் சுகந்தி. வயது குறைவு, தாங்குவாள் என்று ஸ்டெல்லா அவளை முதலில் போட்டிருந்தாள். பேச்சியக்கா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை என்னால் பார்க்க முடியவில்லை.

"விசிறி பழுதில்லீங்க" என்றேன்.

"என்னம்மா?"

பாயைக் கொண்டுபோய் மேசைமேல் போட்டேன். "இதைக் கால்பக்கத்து அடியில வெச்சனுங்க. இருபது நாளு. பெட்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. நான்தான்."

ஸ்டெல்லா பாயை எடுத்துத் தடவிப் பார்த்தாள். "ஏன்க்கா?" என்றாள்.

"காலு சில்லுனு இருக்குமேன்னு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது எவ்வளவு கேவலமாகக் கேட்டது!

பின்னாலிருந்து யாரோ, "எங்களை என்ன பேச்சுப் பேசுன நீ!" என்றார்கள். எவ்வளவு திட்டினாலும் தகும் என்று நின்றேன். தண்டாயுதம் அண்ணன் வரிசை எழுதிய தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். இன்னும் கால் மணி நேரத்தில் முதல் பெட்டியைத் திறந்திருப்பார்.

"பத்தொம்பது பெட்டியும் இருந்தபடி இருக்கட்டும்" என்றார். "சென்னியப்பன் பெட்டி மேல உங்களுக்கு இனி உரிமையில்லம்மா. ரெண்டாவது பேரு யாரு?"

பேச்சியக்கா எழுந்தாள்.

"பேச்சியம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "பதினாலு நாள் முடிய இன்னும் மூணு நாள் இருக்கு. அணைச்சா அந்த மின்சாரம் மத்தப் பெட்டிகளுக்குப் போகும். கடைசி மாசம் புழுதி அதிகமானா அது பெரிய உதவி. உங்க மகளுக்கும் சேர்த்துத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையெடுத்துக் கும்பிடவில்லை. கும்பிட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

"நான் தண்ணி ஊத்தினேன்" என்றாள் பேச்சியக்கா. "இவ சூடு வெச்சா. ரெண்டு பேருமா சேந்து பாக்குறதையெல்லாம் கொல்லத்தான் பொறந்திருக்கோம் போல. நான் எதையும் அணைக்கல. வெயில் திரும்பினப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் இவளைக் கூடத்துக்குள்ள விடாதீங்க."

விடவில்லை. தொண்ணூறு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக நான் அந்தக் கதவுக்கு வெளியே இருந்தேன். தொட்டியையும் தொடவில்லை. ஒரே ஒருநாள் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். கிழங்கின் ஒரு கை கூழாக வந்தது, நாறியது. மறு கையைத் தொடப் பயந்து விரலை எடுத்துவிட்டேன்.

வெயில் திரும்பியது. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். சுகந்தி எழுந்து முதலில் கேட்டது சோறு என்று பேச்சியக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பத்தொன்பது பேரும் எழுந்த பிறகு கடைசியாகச் சென்னியப்பன் பெட்டி. நான் வெளியே நின்றேன். மூன்று மணி நேரம் கழித்து ஸ்டெல்லா வந்தாள்.

"உயிர் இருக்கு" என்றாள்.

நான் அவள் காலில் விழப் போனேன். அவள் என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், ஆனால் விடவில்லை. பிடித்த பிடியிலேயே தெரிந்துவிட்டது, இன்னும் சொல்ல இருக்கிறது என்று.

"கால் ரெண்டும் போச்சுக்கா. சூடு பட்டதும் பாதம் ரெண்டும் முழிச்சுக்கிச்சு. ஆனா ரத்தம் ஓடல. மூச்சில்லாம முழிச்சா என்ன ஆகும்? கணுக்காலுக்கு மேல எடுத்தாச்சு. வேற வழியில்ல."

மற்ற இடமெல்லாம் குளிர்ந்து தூங்கியதால் பிழைத்திருக்கிறது. நான் பாசம் வைத்த இடம் மட்டும் செத்துவிட்டது.

அவருக்கு நினைவு திரும்ப மூன்று நாள் ஆனது. அன்றைக்குக் காலையில் பேச்சியக்கா மூச்சு வாங்க ஓடிவந்தாள். "ஏ நாயகி, தொட்டியில வந்து பாரு!" ஓரமாக, அழுகாத கையிலிருந்து, அரை விரல் உயரத்துக்கு ஒரு பச்சை மூக்கு. அவளுக்குப் பின்னால் சுகந்தியும் இன்னும் நாலைந்து பேரும் புட்டியோடு நின்றார்கள்.

"இப்ப ஊத்தலாமா?" என்று பேச்சியக்கா கேட்டாள்.

"இப்ப ஊத்துங்க" என்றேன். "வரிசையா வந்து, ஒரு நாளைக்கு ஒருத்தரு."

அவர்கள் யார் முதலில் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள். ஒன்பது மாதம் பட்டினி கிடந்தவர் மாதிரி இளைத்திருந்தார் சென்னியப்பன். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. கெண்டைக்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும், பாயிலிருந்து ஆரம்பித்து.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

"நாயகி."

"சொல்லுங்க மாமா."

"இன்னமும் காலு சில்லுங்குது. எதாச்சும் சூடா வெய்யேன்."

ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போய்ச் செடி வீட்டிலிருந்து அந்தப் பாயை எடுத்து வந்தேன். போர்வையின் கடைசியில், ஒன்றும் இல்லாத இடத்தில் விரித்தேன். பேட்டரியைப் போடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?"

கண்ணை மூடிக்கொண்டார். "இப்பத் தேவல" என்றார்.